ஓட்டை இல்லாத வாத்தியம்

தாயி,

நீ பேசிய அந்தப் பேட்டியை உன் அம்மா தன் போனில் காட்டினாள். முதல் தடவை உன் முகத்தைப் பார்ப்பதற்காகப் பார்த்தேன். இரண்டாம் தடவை நீ சொன்னதைக் கேட்பதற்காக. பேட்டி எடுத்தவர் கொஞ்சம் தயங்கி, "உங்க இடது கையில என்னாச்சுன்னு கேக்கலாமா?" என்றார். நீ சிரித்தபடி, "சின்னப் புள்ளையில அப்பா பட்டறையில வெளையாட்டுத்தனமா மிசின்ல கைய வச்சுட்டேன். என் கவனக்குறைவுதான்" என்று சொல்லிவிட்டு, நீ ஊதுகிற கொம்பைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். பதின்மூன்று வருடமாகியும் அதே வாசகம். நான் உண்டாக்கிய வாசகம். மூன்றாம் தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் நீயும் உன் மேளக்குழுவும் வெளிநாடு கிளம்புகிறீர்கள். இரண்டு மாதம், ஊர் ஊராக நிகழ்ச்சி என்றாய். போகிற இடத்திலெல்லாம் முதலில் கொம்பைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு கையைப் பற்றிக் கேட்பார்கள். நீ மறுபடியும் அதையே சொல்வாய். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யை நான் ஆஸ்பத்திரியில் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், கப்பலூர் கம்பெனிக்காரர்களிடம் சொன்னேன், தெருவில் நின்று விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையை மட்டும் காதோடு காதாகச் சொல்வது முறையில்லை. அதனால் இது உனக்கும், படிக்கிற எல்லாருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. நீ ப்ளஸ் டூ பரீட்சை முடித்து வீட்டில் இருந்தாய். அவனியாபுரத்தில் நம் பட்டறையில் அப்போது ஒரு லேத்தும் ஒரு பவர் பிரஸ்ஸும்தான். பிரஸ் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டிவிடும். கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று ஒரு மாதத்துக்கு முன்பே நானே அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன். கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வாஷர் அவசரமாக வேண்டியிருந்தது. பிரஸ்ஸில் நிற்கிற ஆள் அன்று வரவில்லை. நீ தூக்குவாளியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். "பத்து நிமிசம் தகட்டப் புடிச்சுக்க தாயி, நான் மிதிக்கிறேன். முடிச்சுட்டுச் சாப்புடுறேன்" என்றேன். "கை உள்ள போயிறாதாப்பா?" என்று கேட்டாய். நீ கேட்டாய். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நாற்பது ஐம்பது தகடு சரியாகப் போனது. அப்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இந்தா முடிஞ்சுருச்சு சார், சாயங்காலம் அனுப்பிருவேன்" என்று பேசிக்கொண்டே மிதித்தேன். நீ அப்போது கோணலாக இருந்த தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தாய். மிதித்தது என் கால். உன் இடது கையில் நடுவிலிருந்த மூன்று விரல்கள் போனது அப்படித்தான். நீ விளையாடவில்லை. கவனக்குறைவாகவும் இல்லை. அந்தப் பட்டறையில் அன்றைக்குக் கவனமாக இருந்த ஒரே ஆள் நீதான்.

ஆஸ்பத்திரியில் உன்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொள்வதற்காக, எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டார். என் வாய் தானாகச் சொன்னது: "சாப்பாடு கொண்டாந்துச்சு சார். நான் அந்தப் பக்கம் திரும்புனப்ப வெளையாட்டா மிசின்ல கைய வச்சுருச்சு." போலீஸ் வந்துவிடுமோ, பட்டறையைப் பூட்டிவிடுவார்களோ என்கிற பயம். அதைவிட, உன் அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வது என்கிற பயம். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினேன். நீ மயங்கியிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணை மறுபடி மூடிக்கொண்டாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் அது எனக்குப் பழகியிருக்கும். கோபம் இல்லை.

நீ பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தாய். பெரிய வித்வானாக வேண்டும் என்றெல்லாம் யாரும் நினைக்கவில்லை. பிரேயரில் வாசிப்பாய், ஆண்டு விழாவில் வாசிப்பாய், வீட்டில் துணி துவைத்துவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிப்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அதை எடுத்து வலது கையாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களாலும் பிடித்துப் பார்த்தாய். மேல் பக்கத்து ஓட்டைகளை மூட விரல் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாய். நீ அழுவாய் என்று உன் அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். நீ போய்த் தட்டை எடுத்து வைத்து, "சோத்தப் போடும்மா" என்றாய். காலேஜில் சேர்ந்தாய், பஸ்ஸில் போனாய், வந்தாய். இரண்டு வருடம் நம் வீட்டில் யாரும் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கவில்லை. ரேடியோ போடுவதையும் உன் அம்மா நிறுத்தியிருந்தாள்.

பிறகு ஒருநாள் மாரிச்சாமி பட்டறைக்கு வந்தான். வாடிப்பட்டிக்காரன், உன் வயதுதான் இருக்கும், மேளக்குழு வைத்திருக்கிறவன். வளைந்த பித்தளைக் கொம்பு ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தான். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. மாட்டினால் ஓர் ஆளின் தலைக்கு மேல் பிறை மாதிரி வளைந்து நிற்கும். வேனிலிருந்து விழுந்து நடு இணைப்பில் விரிசல் விட்டிருந்தது. "எங்க குழுவுல இத ஊதிக்கிட்டிருந்தவரு துபாய் போயிட்டாருண்ணே. சும்மாதான் கெடக்கு. இருந்தாலும் கொம்பு ஒடைஞ்சு கெடக்கக் கூடாதுல்ல, ஒட்டி வையிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காஸ் வைத்துப் பித்தளைப் பற்று வைத்து ஒட்டினேன். காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஊத வேண்டும். நான் ஊதினேன், வெறும் காற்றுதான் வந்தது. லேத்தில் நின்றவர் ஊதினார், அதுவும் அப்படியே. நீ காலேஜ் விட்டு வருகிற வழியில் சாவி வாங்குவதற்காகப் பட்டறைக்குள் வந்திருந்தாய். விபத்துக்குப் பிறகு நீ அங்கே வந்தால் வாசலோடு நின்றுவிடுவாய், பிரஸ் பக்கம் பார்க்க மாட்டாய். அன்று உள்ளே வந்தாய். கொம்பை மேலிருந்து கீழே வரைக்கும் வலது கையால் தடவிப் பார்த்தாய், பின் பக்கம் திருப்பிப் பார்த்தாய்.

"இதுல ஓட்டையே இல்லப்பா" என்றாய்.

"அதான் அடைச்சுட்டேனே" என்றேன். எனக்குப் புரியவில்லை.

"அந்த ஓட்டை இல்ல. வெரல் வைக்கிற ஓட்டை."

சொல்லிவிட்டு இடது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கொம்பைத் தாங்கி வாயில் வைத்தாய். முதல் இரண்டு தடவை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லேத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அது நின்றிருந்தது. எதிர்த்தாற்போல் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் நம் பக்கம் திரும்பியிருந்தார்கள். தகரக் கூரை அதிர்ந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது, அப்போது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முகம் சிவந்திருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு நீ சிரித்ததை அப்போது பார்த்தேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை தாயி, திகைப்பு. இத்தனை பெரிய சத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை இரண்டு வருடம் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டது என்று நினைத்தேன்.

மாரிச்சாமி கொம்பை வாங்க வந்தபோது நீ ஊதிக் காட்டினாய். வாங்க நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். பிறகு என்னிடம், "அண்ணே, தங்கச்சியே வச்சிருக்கட்டும். எங்ககிட்ட ஊத ஆளில்ல" என்றான். உன் போனில் பழைய திருவிழா ஒலிப்பதிவுகள் சிலவற்றை ஏற்றிக் கொடுத்தான். அதோடு சரி. உனக்குக் கற்றுக்கொடுக்க அந்தக் குழுவில் யாருக்கும் கொம்பு தெரியாது. மூன்று நான்கு சுரம்தான் அதில் வரும், அதற்குள்ளேயே அழைக்க வேண்டும், அதட்ட வேண்டும், கெஞ்ச வேண்டும், எல்லாம் உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறது என்று நீயாகவே கண்டுபிடித்தாய்.

வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்தார்கள். ஒரு வாரம் நீ ஊதவில்லை. பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் நீ கொம்போடு வானத்தைப் பார்த்தபடி நிற்பதை உன் அம்மா காட்டினாள். விமான நிலையம் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. விமானம் நம் கூரைக்கு மேலே இறங்குகிறபோது யாருக்கும் எதுவும் கேட்காது. அந்த அரை நிமிடம் நீ ஊதினாய். விமானம் போனதும் கொம்பை இறக்கி, அடுத்ததற்குக் காத்திருந்தாய். எந்த விமானம் எப்போது வரும் என்று காலண்டரின் பின்புறம் எழுதி வைத்திருந்தாய். தாமதமாக வந்தால், "இன்னைக்கு அரை மணி லேட்டாம்மா" என்று சலித்துக்கொள்வாய். ஒரே மூச்சில் ஊதுகிற பழக்கம் உனக்கு அப்படித்தான் வந்தது. விமானம் தெரிகிற இடத்திலிருந்து மறைகிற வரைக்கும் மூச்சை விடக் கூடாது.

இதையெல்லாம் பார்த்து வியந்தவன்தான் நான். ஆனால் நீ காலேஜ் முடித்து, "மாரிச்சாமி குழுவுல சேரப் போறேன்ப்பா" என்றபோது நான் பேசிய பேச்சையும் எழுத வேண்டும். "நம்ம ஆளுகள்ல எவன் கொம்பு ஊதுனான்? சாவு வீட்டுக்கும் போகணும், தெரியுமா?" என்றேன். "தெரியும்ப்பா. மொதல்ல கூப்புட்டதே சாவு வீட்டுக்குத்தான். போயிட்டு வந்துட்டேன்" என்றாய். நான் கையை ஓங்கவில்லை. ஆனால் அதைவிட மோசமாக, "இந்தக் கையோட உனக்கு வேற எதுவும் அமையாதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன். அந்தக் கை எப்படி வந்தது என்று தெரிந்த நான் கேட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு, "போறேன்ப்பா" என்று வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினாய். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் உன் சித்தப்பா மகள் கல்யாணம். அவரே குழுவை அழைத்திருந்தார். உன்னை மேளத்தோடு பார்த்ததும் அவருக்குச் சங்கடம். குழுவுக்கு மண்டபத்துப் பின்பக்கம் தனியாக இலை போட்டார்கள். உன்னிடம் வந்து, "நீ உள்ள வா ஆத்தா, நம்ம வீட்டுப் புள்ள நீ" என்றார். "எல்லாரும் உள்ள வந்தா நானும் வாரேன் சித்தப்பா" என்றாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய். அவர் உள்ளே பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். நீ பின்பக்கம் போய் மாரிச்சாமிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாய். நம் வீட்டு விசேஷங்களில் மேளக்காரர்கள் வாசலோடு சரி, காபிகூடத் தெருவில் நிற்கவைத்துத்தான். அது தப்பு என்று அந்த வயது வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று தோன்றியது. தோன்றியும் நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். பாயசம் வந்தபோது வேண்டாம் என்று சொன்னேன், அவ்வளவுதான் நான் செய்தது. உன் அம்மா இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து உன்னிடம் போய்விட்டாள்.

இப்போது அந்த மழையைப் பற்றி எழுதுகிறேன். வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் புரவி எடுப்பு. மண்ணால் செய்த பெரிய குதிரையைக் கழிகளில் கட்டி, பதினாறு பேர் தோளில் சுமந்து, வயல்வெளி வழியாக அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். நீ ஊதப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். கிளம்புகிற இடத்திலேயே தகராறு நடந்துகொண்டிருந்தது. வெள்ளை மீசை வைத்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள ஊதுறதே வழக்கமில்ல. அதுலயும் கை ஊனம். சாமி முன்னால வேணாம்" என்று கையை விரித்தார். மாரிச்சாமி, "அவ ஊதலேன்னா நாங்களும் அடிக்கல அய்யா" என்றான். கடைசியில், குதிரைக்கு ரொம்ப தூரம் பின்னால் வந்து ஊதட்டும் என்று முடிவானது. கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாய்.

பாதி வழியில் மழை பிடித்தது. மழை என்று சொல்வது போதாது, பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. தவிலும் தப்பும் உறுமியும் தோல் நனைந்து தொய்ந்துபோயின. அடித்தால் சாக்கு மூட்டையை அடித்த மாதிரி இருந்தது. சுமக்கிறவர்கள் மேளத்தின் அடிக்குத்தான் எட்டு வைக்கிறார்கள் என்பது அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரப்பு கரைந்து, பதினாறு பேரும் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஆளுக்கொன்று கத்தினார்கள். குதிரையைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் கால் உடையும். அது இடது பக்கமாகச் சாயத் தொடங்கியது. அந்தப் பக்கம் சுமந்தவர்கள் மேல் விழுந்தால் நாலைந்து உயிர் போகும். ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அவரை இழுத்து வெளியே விட்டுவிட்டு அவருடைய கழிக்கு நான் தோள் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, பக்கத்தில் நின்றது நான்.

அப்போது கொம்பு கேட்டது. பின்னாலிருந்து இல்லை, முன்னாலிருந்து. நீ எப்போது ஓடி வந்தாய் என்று தெரியவில்லை. மழைத்திரைக்குள் பித்தளை வளைவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நீண்ட சத்தம் ஒன்று, கத்திக்கொண்டிருந்த எல்லாரும் அடங்கினார்கள். பிறகு குறுக்கி ஒன்று, நிறுத்தி ஒன்று. யாரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. ஆனால் குறுக்கி ஊதினால் தூக்கு, நீட்டி ஊதினால் எட்டு வை என்று பதினாறு பேருக்கும் புரிந்தது. தூக்கினோம். குதிரை நிமிர்ந்தது. நீட்டினாய், பதினாறு கால்கள் ஒன்றாகச் சேற்றிலிருந்து கிளம்பி ஒன்றாக இறங்கின. அதில் என் காலும் இருந்தது. உன் மூச்சு நின்றால் நின்றோம், வந்தால் நடந்தோம். நீ சேற்றில் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு, மழைத்தண்ணீர் வாய்க்குள் போகப் போகத் துப்பிவிட்டு ஊதினாய். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கோயில் மேட்டில் குதிரையை இறக்கி வைத்தபோது அதில் ஒரு கீறல் இல்லை. உன் உதட்டில் ரத்தம் வந்திருந்தது.

அந்த வெள்ளை மீசைப் பெரியவரும் முன்கழியில் தோள் கொடுத்திருந்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நேராக உன் முன்னால் வந்து நின்று, தோளில் கிடந்த நனைந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமிக்கு முன்னால் செய்கிறது அது. பிறகு, "முன்னால நின்னு ஊது தாயி. இனி எந்த வருசமும் முன்னாலதான்" என்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து, உன் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிட்டேன். என் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவே பயமாக இருந்தது. அவ்வளவு பெரியதாக இருந்தது நான் பார்த்தது.

நீ அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாய், அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி பேசத் தொடங்கியிருந்தோம். என் வலது தோள் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாய். "எண்ணெ தடவுங்கப்பா. கழி அழுத்துனா ஒரு மாசம் வலிக்கும்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நீ பார்த்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, கொம்பைத் தாங்குவதற்கு உன் இடது மணிக்கட்டில் மாட்டுகிற மாதிரி பித்தளையில் ஒரு பிடி செய்தேன். பத்து நாள் அரத்தால் ராவி ராவி, உள்ளே தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாய். "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இது இருந்தா கை சும்மா இருந்துருது. எனக்குக் கை வேணும்" என்றாய். மன்னிப்புக்குப் பதிலாகச் சாமான் செய்து கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ அதை வாங்கிக்கொள்ளவில்லை. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நேற்று உன் பேட்டியைப் பார்த்த பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெடல், போன், கழற்றி வைத்த தடுப்பு, நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். முடித்ததும், "இம்புட்டு நாளாச்சா ஒங்களுக்கு?" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில மூணாவது நாளே சொன்னா. நான் ஒங்கள அங்கனயே வச்சுக் கேட்டுருப்பேன். அவதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'அப்பாகிட்ட ஒண்ணும் கேட்டுறாதம்மா. கேட்டா அவரு எதாச்சும் பண்ணிக்கிருவாரு. அவரா சொல்லட்டும்'னா. அவரா சொல்லுவாருன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பதினேழு வயது. கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, நீ என் உயிரைப் பற்றி யோசித்திருக்கிறாய். அந்த வாசகத்தை நீ திருப்பித் திருப்பிச் சொன்னது, நான் சொல்லிக் கொடுத்ததற்காக இல்லை. மழையில் பதினாறு பேரை ஒரே மூச்சில் நடத்தியதைப் பார்த்து நான் மலைத்துப் போனேன். ஆனால் நீ பதின்மூன்று வருடம் பிடித்து வைத்திருந்த மூச்சு இது. மன்னித்துவிடு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தாயி, அப்பாவை மன்னித்துவிடு. உடனே வேண்டாம். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது. முடியாது என்றாலும் சரிதான்.

அப்பன் என்கிற முறையில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். குளிர் நாட்டுக்குப் போகிறாய், உதடு வெடிக்கும், அம்மா கொடுக்கிற வெண்ணெயைத் தடவிக்கொள். பல் வலித்தால் தள்ளிப் போடாதே, உன் பிழைப்பே பல்லிலும் உதட்டிலும் இருக்கிறது. உன்கூட வேலை செய்கிறவர்களை யாராவது அவசரப்படுத்தினால் நடுவில் போய் நில். அவசரம் என்று சொல்லி ஒரு பாதுகாப்பைக் கழற்றுகிறவன் எவனாக இருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், அவன் பேச்சைக் கேட்காதே. மாரிச்சாமியிடம் சொல், ஊர் திரும்பியதும் குழு மொத்தமும் நம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். உள்ளே. உன் சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வந்தால் பக்கத்து இலையில் உட்காரட்டும், வராவிட்டால் இருக்கிறவர்கள் சாப்பிடுவோம்.

கடைசியாக ஒன்று. அங்கே மேடையில் யாராவது மைக்கை நீட்டி, கையில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். இனிமேல் என் பொய்யைச் சொல்லாதே. எங்க அப்பா மிதிச்சாரு என்று சொல். தடுப்பைக் கழட்டிட்டு, போன் பேசிக்கிட்டே மிதிச்சாரு என்று முழுதாகச் சொல். என் பெயரைக் கேட்டால் அதையும் சொல். சொல்லிவிட்டுக் கொம்பை எடுத்து ஊது.